ஆடியில் வந்த லோரி

தோட்டத்து வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று கடிதம் வந்த அன்று என் நாத்தனார் போனில் அழுதார். என் கணவர் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் அட்டைப் பெட்டி தேடப் போனேன். மளிகைக் கடைக்காரர்கள் காலி பெட்டிகளை மடித்து எடைக்குப் போடுவதற்கு முன்னால் போய் நின்றால் சும்மா கொடுப்பார்கள். கொஞ்சம் தாமதித்தால் ஒன்றும் மிஞ்சாது. அழுவதை எப்போது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

நாங்கள் இருந்தது கோலசிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில். கணவர் அங்கே குலை ஏற்றும் டிராக்டர் ஓட்டினார். அறுபது வயதானதும் வேலை முடியும், வேலை முடிந்து ஒரு மாதத்துக்குள் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். அதனால் முன்னதாகவே அவருடைய சேமநிதியை எடுத்து, புக்கிட் பெருந்துங்கில் ஒரு மலிவு விலை வரிசை வீட்டை வாங்கிப் போட்டோம். ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீடு. விலை எங்கள் கைக்கு எட்டியதற்கும் அதுதான் காரணம். உள்ளே திருடர்கள் மின்கம்பியைக்கூட விட்டுவைக்கவில்லை. கம்பி இழுத்து, குழாய் மாற்றி, ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டு முடித்தபோது சேமநிதி சுத்தமாகக் காலி.

மிச்சம் இருந்தது என்னுடைய பணம் மட்டும். அதற்கு நான் வைத்திருந்த பெயர் கடைப் பணம்.

தோட்டத்தில் நான் காலையில் தோசை விற்றேன். விடிவதற்கு முன்பே பெரட்டுக்கு வந்து பெயர் கொடுத்துவிட்டு வேலைக்காட்டுக்குப் போகிற ஆட்களுக்குப் பொட்டலம் கட்டிக் கொடுப்பேன். இப்போதெல்லாம் காட்டில் வேலை செய்வது பெரும்பாலும் பங்களாதேஷ்காரர்கள். முதலில் தோசையை சந்தேகமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பிறகு பருப்பை இன்னும் கொஞ்சம் ஊற்று அக்கா என்று சண்டை பிடிக்கும் அளவுக்கு வந்துவிட்டார்கள். அதில் வந்த காசை வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தேன். புது இடத்தில் ஒரு பெரிய மாவாட்டும் இயந்திரம், அகலமான தோசைக்கல், இரட்டை அடுப்பு, மேசை, வெயிலுக்கு ஒரு கேனோப்பி. அவருக்குச் சம்பளம் நின்ற பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் சோறு போடப்போவது அந்தக் கடைதான். கடைப் பணம் கரைந்தால், இந்த வயதில் நான் ஏதாவது தொழிற்சாலை வாசலில் போய் நிற்க வேண்டும். அவர் எங்காவது இரவுக் காவலுக்குப் போக வேண்டும். இரண்டுமே கேவலமில்லை. ஆனால் நான் அதற்காகச் சேர்க்கவில்லை.

வீடு மாறுவதற்கு முன்புவரை, வீடு மாறுவது என்றால் இங்கே இருப்பதைத் தூக்கி அங்கே வைப்பது என்று நினைத்திருந்தேன். அது எத்தனை கைகள் நம் பையைத் துழாவும் காரியம் என்று அப்போதுதான் தெரிந்தது. புது வீட்டுக்குப் பழைய திரைச்சீலை நல்லாவா இருக்கும் என்று ஒருத்தி. சமையலறைக்கு கேபினெட் அடிக்காமல் போகாதே என்று இன்னொருத்தி. மெத்தையை மாற்று, சாமிப் படத்தை மாற்று என்று தோட்டத்து வாட்சாப் குழுவில் ஆளுக்கு ஒரு யோசனை. யோசனைக்குக் காசில்லை அல்லவா, அள்ளி வீசினார்கள். நான் எல்லாவற்றுக்கும் கைகூப்பும் படத்தை அனுப்பிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

நாத்தனாரை அப்படிப் படம் அனுப்பிச் சமாளிக்க முடியாது. சுங்கை ஆயர் தாவாரில் மகன் வீட்டில் இருக்கிறார். என் கணவரின் அக்கா. தாய் போன பிறகு தம்பியைத் தூக்கி வளர்த்தவர் என்பதால் அவர் சொன்னால் இவருக்கு மறுபேச்சு கிடையாது. கேனோப்பி போட்டு, ஐயரை வைத்து ஹோமம் வளர்த்து, சொந்தபந்தம் அத்தனைக்கும் சமையல்காரர் வைத்துச் சாப்பாடு போட வேண்டும் என்று வந்து உட்கார்ந்தார்.

"ஒத்தத் தம்பி வீடு வாங்கியிருக்கான். நாலு பேருக்குச் சோறு போடாம பூந்துக்கிட்டா நல்லாவா இருக்கும்?"

"நாலு பேருக்குன்னா நானே ஆக்கிப் போட்டுருவேன் அண்ணி. நீங்க கணக்குச் சொல்றது நானூறு பேருக்கு."

அவர் முகம் சுருங்கிவிட்டது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் நானூறு பேரும் சாப்பிட்டு ஏப்பம் விட்டுவிட்டுப் போன பிறகு, மாவாட்டும் இயந்திரத்தை யார் வாங்கித் தருவார்கள்? பால் மட்டும் காய்ச்சுவோம், கேசரியும் வடையும் நானே செய்கிறேன் என்று முடித்துக்கொண்டேன். நாத்தனார் அதை மறக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது.

அடுத்தது லோரி. ஆனி மாதம் நடந்துகொண்டிருந்தது. ஆடி பிறப்பதற்குள் குடிபோய்விட வேண்டும் என்று தமிழர்கள் எல்லோரும் அடித்துப் பிடித்து ஓடும் நேரம். கேட்ட இடத்திலெல்லாம் எழுநூறு வெள்ளி என்றார்கள். ஆவணி வரை பொறுத்தால் வீட்டைத் திருப்பிக் கொடுக்கும் தேதி தாண்டிவிடும். அப்போதும் அதே எழுநூறுதான். கடைசியில் ஊருக்குள் ஒரு சீன முதலாளியை, தவுக்கேயைப் பிடித்தேன். காலையில் மீன் பெட்டி ஏற்றும் லோரி வைத்திருக்கும் கிழவர். தோட்டத்து ஆட்களோடு பழகிப் பழகித் தமிழும் பேசுவார்.

என்றைக்கு வந்தால் விலை குறையும் என்று நேராகவே கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, சுவரில் தொங்கிய சீன நாட்காட்டியைப் புரட்டிக் காட்டினார். அந்த ஆண்டு எங்கள் ஆடி முடிவதற்கு முன்பே அவர்களுடைய பேய் மாதமும் பிறந்துவிடுகிறது. ஆவிகள் வெளியே உலாவும் மாதம் என்று சீனர்கள் வீடு மாற மாட்டார்கள். ஆடி என்று தமிழர்கள் மாற மாட்டார்கள். இரண்டும் ஒன்றாகச் சேரும் அந்த நாட்களில் லோரி சும்மா நிற்குமாம். பாதி விலைக்கு வருகிறேன் என்றார். எனக்குத் தேன் குடித்தது போல இருந்தது. பிறகுதான் நிபந்தனையைச் சொன்னார்.

"மீன் வேலை முடிச்சு மத்தியானம்தான் வருவேன். ஒரே நடை. பொழுது சாயறதுக்குள்ள லோரி காலியாவணும் லா. இருட்டிடுச்சுன்னா முழுக் காசு."

பேய் மாதத்தில் இருட்டிய பிறகு அவர் வெளியே இருக்க மாட்டார். எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. சம்மதித்து முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டில்தான் இடி விழுந்தது. என் கணவர் அதிகம் பேசாத மனிதர். பேசினால் அந்த ஒரே வாக்கியத்தில் ஒற்றைக் காலில் நிற்பார். ஆடியில் குடிபோகக் கூடாது என்றார். நான் லோரியின் விலையைச் சொன்னேன். ஆடியில் குடிபோகக் கூடாது என்றார். கடைப் பணத்தைச் சொன்னேன். மோட்டார் சைக்கிளைத் துடைக்கப் போய்விட்டார்.

நான் கோயில் பூசாரியிடம் போனேன். ஆனியிலேயே நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சிவிட்டால் அன்றைக்கே குடிபுகுந்ததாகத்தான் அர்த்தம், சாமான் பின்னால் எப்போது வந்தாலும் அது வெறும் சுமை தூக்குவதுதான் என்று அவர் சொன்னார். அந்த வார்த்தையை அப்படியே கொண்டுவந்து கணவர் முன்னால் வைத்தேன். சரி என்று தலையை ஆட்டினார். எனக்கு உலகத்தையே வென்ற மாதிரி இருந்தது.

ஆனியின் கடைசி முகூர்த்தத்தில் பால் காய்ச்சினோம். நாத்தனார் வந்தார். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. கேசரி சாப்பிட்டார், வடை சாப்பிட்டார், வடையில் உப்பு கொஞ்சம் முன்னே நிற்கிறது என்றார். கிளம்பிக் காரில் ஏறும்போது, மறந்துபோனதை நினைத்துக்கொண்டவர் போலத் தம்பியைக் கூப்பிட்டார்.

"பால் பொங்கின வூட்ட இருட்டாப் போடக் கூடாது. தெனமும் அந்திக்கு வெளக்கு எரியணும். இல்லன்னா பொங்குனது வீணுதான்."

சுவிட்சைப் போட்டு ஒரு பல்பை எரியவிட்டுப் போகலாமே என்று நான் கேட்டேன். அந்தப் பல்பு சாமிக்கா, திருடனுக்கா என்று கேட்டுவிட்டுக் கார் கதவைச் சாத்திக்கொண்டார். நானூறு பேர் சாப்பாட்டுக்கு அவர் வட்டியோடு வசூல் செய்துவிட்டார் என்று மட்டும் புரிந்தது.

அன்றிலிருந்து என் கணவர் தினமும் வேலை முடிந்து குளித்துவிட்டு, நல்லெண்ணெய்ப் புட்டியும் திரியும் எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பினார். எங்கள் தோட்டத்திலிருந்து புக்கிட் பெருந்துங்குக்குப் போக ஒரு மணி நேரம் பிடிக்கும். விளக்கேற்றி, அது எரிந்து அடங்கும் வரை உட்கார்ந்திருந்து, பிறகு திரும்பி வர வேண்டும். லோரியில் நான் மிச்சம் பிடித்ததை மோட்டார் சைக்கிள் குடிக்கத் தொடங்கியது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போங்களேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். அக்கா தினமும் என்று சொல்லியிருக்கிறார் என்றார். மழையில் நனைந்துகொண்டும் போனார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அந்த மனிதர் மீது கோபமா, அவர் இருமிக்கொண்டே திரும்பி வருவதைப் பார்க்கும் வயிற்றெரிச்சலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

குறைந்தது சாப்பாட்டுச் செலவையாவது பிடித்து வைப்போம் என்று நினைத்தேன். அங்கே கடையில் சாப்பிட்டால் ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகும்? அதனால் மாலையில் மூன்று தோசை வார்த்து, சம்பலும் பருப்பும் வைத்துத் தூக்குச்சட்டியில் கட்டிக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துப் பத்தவில்லை என்றார். ஐந்தாக்கினேன். ஒரு வாரத்தில் பத்தானது. அதற்கப்புறம் தூக்குச்சட்டி போதாமல் கேரியரின் நான்கு அடுக்கும் போயின. எல்லாம் வழித்துத் துடைத்த மாதிரி காலியாகத் திரும்பி வந்தன.

உளுந்து டப்பா தினமும் இறங்கிக்கொண்டே போயிற்று. காலை வியாபாரத்துக்கு வைத்திருந்த மாவில் இவர் கை வைக்கிறார். அவர் எடுத்துப் போகும் ஒவ்வொரு தோசையும் நான் விற்காத தோசை.

"அறுபது வயசுல பசி வளருமா?" என்று கேட்டுவிட்டேன்.

"வண்டி ஓட்டினா பசிக்குது லா" என்றார்.

நாற்பது ஆண்டுகளாக வண்டிதான் ஓட்டுகிறார். பசித்ததாக அதுவரை சொன்னதில்லை. இதில் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. ஆனால் லோரி வரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. போய்ச் சேர்ந்துவிட்டால் இந்த விளக்குப் பயணமும் நிற்கும், பசியும் நிற்கும், அதுவரை பல்லைக் கடித்துக்கொள்வோம் என்று விட்டுவிட்டேன்.

எனக்கு இருந்த பெரிய கவலை அந்த ஒரே நடை. ஒரு நாள் காலை மீன் சந்தைக்குப் போய், லோரியின் தட்டு நீளத்தையும் அகலத்தையும் துணி காயப்போடும் கயிற்றால் அளந்துகொண்டு வந்தேன். வீட்டு வாசலைக் கூட்டிச் சுத்தம் செய்து, கோலமாவால் அதே அளவுக்கு ஒரு பெரிய கட்டம் போட்டேன். அந்த வழியாகப் போனவர்கள் இது என்ன பூ, என்ன கோலம் என்று கேட்டார்கள். இது லோரி என்றேன். பிறகு வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து அதற்குள் அடுக்கிப் பார்த்தேன். கோட்டுக்குள் அடங்கியது வரும், அடங்காதது வராது. சட்டம் அவ்வளவுதான்.

பழைய குளிர்பெட்டி கோட்டுக்கு வெளியே நின்றது. பங்களாதேஷ்காரர்கள் தங்கியிருந்த வீட்டுக்கு விலை பேசி விற்றேன். கட்டிலும் அவர்களுக்கே போயிற்று. எங்கள் கல்யாணத்துக்கு நாத்தனார் கொடுத்த மர அலமாரியும் வெளியேதான் நின்றது. அதை விற்றால் இன்னொரு போர் மூளும். கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஆணி ஆணியாகக் கழற்றிப் பலகையாக்கினார். பலகையை மெத்தைக்கு அடியில் செருகினோம். பீங்கான் தட்டுகளைச் சேலைகளில் சுற்றினேன். தலையணைகள் தொலைக்காட்சிப் பெட்டிக்குக் காவலாகின. பானைக்குள் பருப்பு, பருப்புக்குள் குவளை. துணிமணியெல்லாம் அரிசிச் சாக்கில் அடைந்தன. பழைய துடைப்பத்தை எடுத்துப் போகக் கூடாது என்று அடுத்த வீட்டுப் பெண் சொன்னாள். அது ஏற்கெனவே தேய்ந்து கட்டையாகிவிட்டதால் அந்தச் சாஸ்திரத்துக்கு மட்டும் மறுபேச்சில்லாமல் கட்டுப்பட்டேன்.

ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் ஆள் வைக்கச் சொன்னார்கள். ஆளுக்குக் கொடுக்கும் கூலியில் தோசைக்கல் வாங்கிவிடலாம். வேண்டாம் என்றேன். ஏற்றும் இடத்தில் அக்கம்பக்கம் கைகொடுக்கும், இறக்குமிடத்தில் நாங்கள் இருவரே போதும் என்று வாய் கூசாமல் சொன்னேன்.

அந்த நாள் வந்தது. அக்கம்பக்கத்தில் ஒரு கதவும் திறக்கவில்லை. அடுத்த வீட்டுப் பெண் மட்டும் வந்து, ஒரு உப்புப் பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிட்டு, ஆடியில் சாமான் ஏற்ற நாங்கள் கை வைத்தால் நல்லதில்லை அக்கா, கோபிக்காதீர்கள் என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அவளைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை.

மத்தியானம் வர வேண்டிய லோரி வரவில்லை. மழை வந்தது. கோலமாவுக் கட்டம் கரைந்து ஓடியது. மழை விட்டு, மீன் வாடையோடு லோரி வந்து நின்றபோது பொழுது இறங்கத் தொடங்கியிருந்தது. நானும் கணவரும் அலமாரிப் பலகையை ஆளுக்கொரு முனையில் பிடித்தோம். அப்போதுதான் வேலைக்காட்டிலிருந்து பங்களாதேஷ்காரர்கள் திரும்பி வந்தார்கள். காலையில் பருப்புக்குச் சண்டை பிடிக்கிறவர்கள். அவர்களுக்கு ஆடியும் இல்லை, பேய் மாதமும் இல்லை. சேற்றுக் காலணியைக் கழற்றி வைத்துவிட்டு, ஒருவரும் கூப்பிடாமலேயே ஏற்ற ஆரம்பித்தார்கள். நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வரிசையில் எது எங்கே என்று சொல்லச் சொல்ல, எல்லாம் தட்டுக்குள் அடங்கியது. கிளம்பும்போது அவர்களில் மூத்தவர், இனி காலையில் என்ன செய்வது அக்கா என்று மலாயில் கேட்டார்.

நான் லோரியில் தவுக்கேயின் பக்கத்தில் உட்கார்ந்தேன். கணவர் மோட்டார் சைக்கிளில் முன்னால் போனார். வழியெல்லாம் தவுக்கே ரோட்டைப் பார்த்ததைவிட வானத்தைத்தான் அதிகம் பார்த்தார். நானும் வானத்தைப் பார்த்தேன். மேற்கே சிவக்கச் சிவக்க மனதுக்குள் கணக்குப் போட்டேன். முழுக் காசு கொடுப்பதென்றால் பால் காய்ச்சியதிலிருந்து பெட்ரோல் வரை எல்லாமே தண்டம். ஆனியிலேயே எல்லோரையும் போல மாறியிருக்கலாம்.

எங்கள் வரிசையில் லோரி திரும்பி நின்றபோது வெளிச்சம் கொஞ்சம்தான் மிச்சமிருந்தது. தவுக்கே பின் கதவைத் திறந்துவிட்டு, கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். கணவர் ஒரு சாக்கைத் தூக்கித் தோளில் வைத்தார், முதுகைப் பிடித்துக்கொண்டு அப்படியே இறக்கினார். நான் மெத்தையின் முனையைப் பிடித்து இழுத்தேன். அது அசையக்கூட இல்லை. இருவரே போதும் என்று சொன்ன வாயை அப்போது தைத்துப் போட்டிருப்பேன்.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. முக்காடு போட்ட ஒரு மலாய்க்கார அம்மாள் வெளியே வந்து, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். அவருடைய இரண்டு மகன்கள் வந்தார்கள். பக்கத்து வீட்டிலிருந்து காவலாளிச் சட்டையோடு ஒரு தமிழர் வந்தார். மூன்று வீடு தள்ளியிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். யாரிடமும் நாங்கள் உதவி கேட்கவில்லை. என் கணவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நீங்கள் முதுகை வைத்துக்கொண்டு சும்மா நில்லுங்கள் என்றார்கள். நான் மெத்தை முனையை இன்னும் விடவில்லை. அந்த மலாய்க்கார அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தோசை செய்கிறது நீதானா என்று மலாயில் கேட்டார்.

சாமான் இறக்கிக்கொண்டே காவலாளி மீதிக் கதையைச் சொன்னார். யாரும் இன்னும் குடிவராத வீட்டுக்குள் ஒரு மாலை மினுக்மினுக்கென்று வெளிச்சம் தெரிந்ததாம். திருடன் என்று ஒருவர், வேறு எதுவோ என்று இன்னொருவர். எல்லோரும் கட்டையைத் தூக்கிக்கொண்டு கூட்டமாக வந்து எட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

"பாத்தா இவரு வெளக்கு முன்னாடி சம்மணம் போட்டு ஒக்காந்து தோச சாப்புடுறாரு. வாங்க, நீங்களும் சாப்புடுங்கன்னாரு. மூணே மூணு தோச. அத எங்க அஞ்சு பேருக்கும் பிச்சுக் குடுத்துட்டாரு."

அதற்குப் பிறகுதான் மூன்று தோசை ஐந்தானது, பத்தானது, கேரியர் நான்கு அடுக்கானது. தினமும் விளக்கு எரிந்ததும் யாராவது வந்து உட்கார்ந்துவிடுவார்களாம். காசு கொடுத்தவர்களிடமும் வாங்கவில்லையாம். வீட்டுக்காரி வந்து கடை போட்ட பிறகு வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார்.

லோரி காலியானபோது தெருவிளக்கு இன்னும் எரியவில்லை. தவுக்கே, பேசிய பாதி விலையில் முன்பணம் போக மீதியை வாங்கி எண்ணிக்கூடப் பார்க்காமல் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு பறந்தார். அலமாரிப் பலகை கூடத்தில் கிடந்தது. கணவர் அதைத் தாண்டிப் போய் விளக்கை ஏற்றினார். அவர் திரும்பும் வரை காத்திருந்து கேட்டேன், இவ்வளவு நாளும் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று.

"சொல்லியிருந்தா மாவுக்குக் காசு கேட்டிருப்ப."

கேட்டிருப்பேன். கண்டிப்பாகக் கேட்டிருப்பேன். அவர் திரியைத் தூண்டிவிட்டு, என்னைப் பார்க்காமலேயே இன்னொன்றும் சொன்னார்.

"தோட்டத்துல உன்ன எல்லாருக்கும் தெரியும். இங்க யாருக்கும் தெரியாது. நீ வர்றதுக்குள்ள நாலு பேரு தெரிஞ்சு வச்சுக்கட்டுமேன்னுதான்."

மறுநாள் காலை பழைய ஒற்றை அடுப்பை வாசலில் வைத்தேன். மேசை இல்லை, கேனோப்பி இல்லை, பெரிய இயந்திரமும் இல்லை. தோட்டத்திலேயே அரைத்து, லோரியில் மடியில் வைத்துக்கொண்டு வந்த மாவு மட்டும் இருந்தது. ஷிப்டுக்குப் போகிற காவலாளி முதலில் வந்து ஆறு தோசை கேட்டார். எதிர்வீட்டு அம்மாள் மகன்களுக்கு வாங்கினார். அவர்களைப் பார்த்து, எனக்குப் பெயர்கூடத் தெரியாத பலர் வந்தார்கள். வெயில் ஏறுவதற்குள் சட்டியை வழித்துத் துடைத்தாயிற்று. கடைப் பணத்தில் கை வைப்பதற்கு முன்பே கடை திறந்துவிட்டது.

அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே வந்து, அலமாரிப் பலகை மேல் உட்கார்ந்து, கடிதம் வந்த அன்றிலிருந்து ஒத்திவைத்திருந்த அழுகையை அழுதேன். தோட்டத்துக்காக அழுதேன், இனி காலையில் என்ன செய்வது என்று கேட்ட அந்த ஆளுக்காக அழுதேன். மழையில் இருமிக்கொண்டே வந்தவரிடம் எரிந்து விழுந்ததை நினைத்தும் அழுதேன். அவர் வந்து பார்த்துவிட்டு, தேத்தண்ணீர் கலந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அவருக்குக் கை தாராளம். சீனி அதிகமாகப் போட்டிருந்தார். குடித்து முடித்துவிட்டு, மறுநாளைக்கு உளுந்து ஊறப்போட எழுந்தேன்.